ஆஸ்திரியக் கூட்டத்து மாப்பிள்ளை

அத்தியாயம் 3

சென்ற அத்தியாயத்தில் காணாமல் போன பொமரேனியன் நாய் கிடைத்துவிட்டது. அது காணாமலே போகவில்லை, நாய்க்காரருடைய மாமியார் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தது. ஆகவே வியாழக்கிழமை காலை நானும் ஏட்டம்மாவும் சேலம் செவ்வாய்ப்பேட்டை ஆபீசில் வேலையில்லாமல் உட்கார்ந்து, கீழே இருக்கும் மிளகாய் மண்டியின் புண்ணியத்தில் மாறி மாறித் தும்மிக்கொண்டிருந்தோம்.

இந்தப் பக்கத்தில்தான் உள்ளே நுழைகிறேன் என்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏட்டம்மா என்றால் ஆராயி. மகளிர் காவல் நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, ஏட்டாக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். 'ஆராயி துப்பறியும் நிலையம்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, தொழிலுக்காக வைத்துக்கொண்ட பெயர் என்று சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்குக் காட்டவென்றே ரேஷன் கார்டை மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். நான் ராசு. வயது நாற்பத்து மூன்று, நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசை விட்டு வந்தவன், இப்போது அவருடைய உதவியாளன். எங்களுக்கு வரும் கேஸ்களில் பத்துக்கு ஒன்பது கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன கம்பெனியில்தான் இருக்கிறாரா, தலையில் இருப்பது சொந்த முடியா. ஒரு நல்ல கொலை வரும் என்று ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன்.

அன்றைக்கும் கொலை வரவில்லை. சக்கரவர்த்தி வந்தார்.

கூப்பிட்டவர் ஃபேர்லேண்ட்ஸ் வெள்ளியங்கிரி. சொந்த ஊர் திருச்செங்கோடு, தொழில் ரிக் வண்டி. போர் போடும் வண்டிகள் உள்ளூரில் பதினான்கு, ஆப்பிரிக்காவில் ஆறு. பூமியில் ஓட்டை போட்டே பங்களா கட்டியவர். வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தன. ஹாலில் அவர் பெரிய மனிதர்களோடு கை குலுக்கும் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஏட்டம்மா உட்காருவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தார். நான் ஏசியின் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவரவர் திறமை அவரவருக்கு.

விஷயம் இதுதான். வெள்ளியங்கிரியின் ஒரே மகள் மதுமதி ஆஸ்திரியாவில் என்ஜினீயரிங் மேல்படிப்பு முடித்து வந்தவள். அங்கே கூடப் படித்த ஃபெலிக்ஸ் என்ற பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். பையன் இப்போது திருச்செங்கோட்டில்தான் இருக்கிறான். அவனுடைய கம்பெனி தயாரித்த துளை போடும் எந்திரத்தைப் புது ரிக்கில் பொருத்திக் கொடுக்க மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறான்.

"வெள்ளைக்காரங்கறது எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார் வெள்ளியங்கிரி. "என்ன கூட்டம்னு தெரியாம எப்பிடீங்க புள்ளையக் குடுக்கறது?"

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வந்தால் முதல் கேள்வி சம்பளம் அல்ல, கூட்டம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை, அங்கே கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது. வேறு கூட்டம் என்றால்தான் மாமன் மச்சான், சம்பந்தம், சீர் எல்லாம். கூட்டமே இல்லாத ஒரு ஆள் எங்கள் ஊர்க் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஃபெலிக்ஸ் போன மாதம்தான் பிறந்தான். வியன்னாவிலிருந்து கூரியரில் ஒரு வம்சப் படம் வந்ததாம். வெள்ளியங்கிரியின் மனைவி சௌந்திரம் வாங்கி வைத்தாராம். பட்டு வேட்டி விரித்து அதன் மேல் அதைப் பரப்பிக் காட்டினார்கள். கதவு அகலத்துக்குப் பழுப்பேறிய காகிதம். மேலே கறுப்பு மையில் இரண்டு தலைக் கழுகு. அதன் கீழே ஹாப்ஸ்பர்க் வம்சம், ஐந்நூறு அறுநூறு வருடம் பாதி ஐரோப்பாவைக் கட்டி ஆண்ட குடும்பம், சக்கரவர்த்தி பெர்டினாண்டில் தொடங்கிக் கிளை கிளையாக இறங்கி, யாரும் கேள்விப்படாத சித்தப்பன் பெரியப்பன்கள் வழியாக வந்து, கடைசிக் கிளையில் ஃபெலிக்ஸ். இங்கிலீஷில் பெயர்கள், பக்கத்தில் தமிழில் விளக்கம். வியன்னாவில் யாருக்கு இவ்வளவு தமிழ் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்வதாக இருக்கிறார்கள். அதற்குள் இந்தப் படம் உண்மையா பொய்யா என்று விசாரித்து எழுத்தில் தர வேண்டும். உண்மை என்றால் பங்காளிகள் வாயை அடைத்துவிடலாம். பொய் என்றால் நாமக்கல்லில் கோழித் தீவனக் கம்பெனி வீட்டுப் பையன் தயாராக இருக்கிறான், அதே நாளில் அதே பந்தலில் அவனுக்குப் பேசி முடித்துவிடுவேன் என்றார் வெள்ளியங்கிரி. அந்தப் பையனை எனக்குத் தெரியும். தங்கமானவன், கோழியைத் தவிர வேறெதையும் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஒரு லாரி முனகிக்கொண்டு போனது. வெள்ளியங்கிரி சக்கரவர்த்தியைப் பாதியில் விட்டுவிட்டு, கிளட்ச் ப்ளேட் போயிருச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மறுபடியும் வியன்னாவுக்குப் போனார்.

ஏட்டம்மா குனிந்து அந்தப் படத்தை முகர்ந்து பார்த்தார். சாமி படம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறாரோ என்று நான் பயந்தேன். சௌந்திரம் எவர்சில்வர் டம்ளர்களில் காபி கொண்டு வந்து வைத்தார். ஒல்லியான உடம்பு, அமைதியான முகம். சேலத்தில் அப்படி ஒரு காபி குடித்து நாளாகிவிட்டது.

நாங்கள் கிளம்பும்போது கேட் வரைக்கும் மதுமதி வந்தாள். கண் வீங்கியிருந்தது. இந்த வம்சத்தைப் பற்றி ஃபெலிக்ஸ் அவளிடம் சொன்னதே இல்லையாம். படம் வந்த பிறகு அவனிடம் கேட்டாளாம், அவன் சிரித்தானாம், அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லையாம்.

"அப்பா இவ்வளவு சந்தோசமா இருந்து நான் பார்த்ததே இல்லீங்க," என்றாள். "அவன் இளவரசனா இருந்தா என்ன, இல்லீன்னா எனக்கென்ன. ஞாயித்துக்கெழம அவன் பக்கத்துல உக்காரோணும். அவ்வளவுதான்."

ஏட்டம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார். உண்மையைக் கண்டுபிடித்தால் இந்தப் பெண்ணுக்குக் கோழித் தீவனம், கண்டுபிடிக்காவிட்டால் எங்களுக்குக் கெட்ட பெயர். என் ஆல்டோ ஸ்டார்ட் ஆகவே யோசித்தது.

*

ஆபீசுக்கு வந்ததும் ஏட்டம்மா கேட்ட முதல் கேள்வி, அந்தப் படத்தில் என்ன வாசம் அடித்தது என்பது. எனக்கு மிளகாய் வாசத்தைத் தவிர எதுவும் தெரிவதில்லை என்றேன். காபி என்றார். பழைய காகிதம் மாதிரித் தெரியவேண்டும் என்று டிகாக்ஷனில் முக்கி எடுத்திருக்கிறார்களாம்.

"வியன்னா காப்பிக்குப் பேர் போன ஊருங்க ஏட்டம்மா," என்றேன்.

"சிக்கரி போட்ட காப்பிக்கா?"

நான் போனை எடுத்தேன். அந்த வம்சத்தின் நிஜமான கொடிவழியைத் தேடி எடுத்து நான் படிக்கப் படிக்க, ஏட்டம்மா தன் போனில் எடுத்திருந்த வெள்ளியங்கிரி வீட்டுப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். இப்படித்தான் அந்தக் குடும்பத்தின் பிரபலமாகாத உறுப்பினர்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. சக்கரவர்த்திகளைப் பற்றி ஊருக்கே தெரியும். அவர்களுடைய ஒன்றுவிட்ட தம்பிகள்தான் சுவாரசியம். ஒருத்தர் பட்டமும் வேண்டாம் பெருமையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனார், இன்றுவரை கப்பலும் வரவில்லை, அவரும் வரவில்லை. இன்னொருத்தர் காதலுக்காகப் பட்டத்தைத் துறந்து, கடைசியில் வியன்னாவில் எண்ணெயும் கறி ஐட்டமும் விற்கும் மளிகைக் கடை போட்டார். வேறொருத்தர் ஒட்டுப்போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தீவில் செடி கொடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வண்டி தள்ளிக் கொடுத்தவர் கூலிக்காரர் என்று நினைத்து ஒரு வண்டிக்காரன் அவர் கையில் சில்லறை கொடுத்துவிட்டுப் போனானாம், அவரும் வாங்கிக்கொண்டாராம். சக்கரவர்த்தியின் சொந்தப் பேத்தி ஒருத்தி செங்கொடி பிடிக்கும் கட்சியில் போய்ச் சேர்ந்தாள். இத்தனை பேர் தலைதெறிக்க ஓடிவந்த குடும்பத்துக்குள்தான் வெள்ளியங்கிரி பெண்ணைக் கட்டிக்கொடுக்கத் துடிக்கிறார்.

கல்யாணங்களுக்கு வந்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மரியானா என்ற இளவரசி தன் தாய்மாமனான ஸ்பெயின் ராஜாவைக் கட்டியிருக்கிறாள். அவளுக்குப் பிறந்த பெண்ணை, அவளுடைய தம்பி லியோபோல்டு சக்கரவர்த்தி கட்டியிருக்கிறார். அக்கா மகள்.

"ஏட்டம்மா, இது ஆஸ்திரியா இல்லீங்க, ஆட்டையாம்பட்டி," என்றேன்.

"அது ரெண்டும் படத்துல அப்பிடியே இருக்குது. மேல படி."

படித்தேன். லியோபோல்டின் அப்பா மூன்றாம் பெர்டினாண்டு. அவருடைய இரண்டாவது மனைவி லியோபோல்டினா. அந்தப் பெண்ணின் அப்பா, பெர்டினாண்டின் அப்பாவோடு கூடப் பிறந்த தம்பி. படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சொந்தச் சித்தப்பா மகள். எங்கள் ஊரில் இதைச் சத்தமாகப் படித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். அதோடு நிற்கவில்லை. மகன் லியோபோல்டும் இரண்டாவதாகப் பங்காளி வீட்டுப் பெண்ணைத்தான் கட்டியிருக்கிறார், தங்கை முறை.

ஏட்டம்மா போனை என் பக்கம் திருப்பினார். வெள்ளியங்கிரி வீட்டுப் படத்தில் அந்த இரண்டு பெண்களும் இல்லை. அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பவேரியா நாட்டிலிருந்து ஒரு மருமகளும், சாக்சனியிலிருந்து ஒரு மருமகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மனைவியின் பெயருக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் அவளுடைய தாய்மாமன் பெயர். மரியா தெரசாவின் கணவர் தலைக்கு மேலே 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று பென்சிலில் ஒரு குறிப்பு. முந்நூற்றுச் சொச்சம் வருட வரலாற்றில் ஒரே ஒரு முறைகேடான கல்யாணம் கிடையாது. ஐரோப்பாவே எங்கள் முறைப்படி நடந்திருந்தது.

"இதை எழுதுனது யாரா இருக்கும், சொல்லு," என்றார் ஏட்டம்மா.

மதுமதிதான் என்றேன். அவளுக்குத்தானே கல்யாணம் நடக்க வேண்டும். ஏட்டம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். படித்த பெண், போனில் இருப்பதை இருக்கிறபடி காப்பி அடித்திருப்பாள். ஏமாற்றுக்காரன் எவனாவது செய்திருந்தால் இன்னும் கவனமாகக் காப்பி அடித்திருப்பான், தப்பு வந்தால் அவன் பிழைப்பு போய்விடும். ஃபெலிக்ஸுக்கு இதில் என்ன தப்பு என்றே தெரியாது.

"பொய் எழுதத்தான் உக்காந்திருக்காங்க, ராசு. ஆனா அண்ணந்தங்கச்சியைப் புருசன் பொண்டாட்டின்னு எழுத வந்தப்ப கை ஓடலை. பொய் சொல்லலாம், பாவத்தை எழுத முடியாதுன்னு மாத்திட்டாங்க. காலம் பூராவும் பொண்ணு எடுத்துப் பொண்ணு குடுத்துப் பழகுன கை அது."

*

இருந்தாலும் இளவரசரை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலை திருச்செங்கோடு போனோம். பட்டறையில் ரிக் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு நீளமான கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்து, எங்களைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டான்.

"வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான்.

மூன்று மாதத்தில் மெக்கானிக்குகளிடம் தமிழ் கற்றுக்கொண்டவன், அதனால் மரியாதையும் கெட்ட வார்த்தையும் ஒரே அளவில் வந்தது. நடுநடுவே இங்கிலீஷ். ஹாப்ஸ்பர்க்கா என்று கேட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவர்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா மேல் சக்கரவர்த்தி படம் இருக்கிறதாம், அந்தக் குடும்பத்தோடு அவர்களுக்கு உள்ள சம்பந்தம் அவ்வளவுதானாம். அவன் ஊரில் யாராவது தன் பெயருக்கு முன்னால் இளவரசர் என்று போட்டுக்கொண்டால் சட்டப்படி அபராதமாம், நூறு வருடமாக அப்படித்தானாம்.

அப்பா என்ன செய்கிறார் என்று ஏட்டம்மா கேட்டார்.

"பால் டேங்கர் ஓட்றாருங்க," என்றான். "முப்பது வருசமா."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா என்று ஏட்டம்மா கேட்டார். சௌந்திரம் அம்மா ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தபோது கேட்டாராம், சொன்னானாம். அதற்கு அவர், இதை வேறு யாரிடமும் சொல்லாதே சாமி என்றாராம். எதற்கு என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. ஏட்டம்மா என்னைப் பார்த்தார். எனக்கும் மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது.

அங்கிருந்து நேராகப் பள்ளிபாளையம் போகச் சொன்னார். அந்தப் படத்தின் பழுப்புக்கு அடியில் பொடிப்பொடியாகக் கட்டம் தெரிந்ததாம், எட்டுக் கட்டத்துக்கு ஒரு தடிமனான கோடு. அது பெட்ஷீட்டும் துண்டும் நெய்யும் தறிக்காரர்கள் பூ டிசைன் போடும் கட்டத்தாள். எனக்கு அது வரலாற்றின் சுருக்கமாகத் தெரிந்தது, இவருக்குத் தாளாகத் தெரிந்திருக்கிறது. ஆற்றோரத் தெருவில் அந்தத் தாள் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான். கடைக்கார அங்காளம்மாளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இப்போதெல்லாம் டிசைன் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள், அந்தத் தாளை யாரும் கேட்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் வந்து வாங்கிப் போனாராம்.

"நம்ம சௌந்திரந்தான். கட்டிக் குடுக்கறதுக்கு முன்னால எங்க தெருவுலதான் இருந்துச்சு, டிசைன் போடறதுல கெட்டி," என்றார். "பேத்திக்குத் தொட்டிச் சீலையான்னு கேட்டேன். இன்னும் கல்யாணமே ஆவுல அக்கா, அதுக்குத்தான் இதுன்னு சிரிச்சுட்டுப் போச்சு."

*

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுபடியும் சிமெண்ட் சிங்கங்களைத் தாண்டி உள்ளே போனோம். ஏட்டம்மா சொன்னபடி மதுமதி ஃபெலிக்ஸையும் அழைத்து வந்திருந்தாள். ஏட்டம்மா நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். நான் காபிக்காகப் பின்னால் போனேன்.

சௌந்திரம் மறுக்கவில்லை. ஃபில்டரைத் தட்டிவிட்டு டிகாக்ஷன் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை இவருக்குப் பேசறப்ப இவர் லாரி டிரைவருங்க," என்றார். "நாமக்கல் டூ கல்கத்தா. எங்கூட்டுல கூட்டம் ஒத்துப் போச்சுன்னு கட்டிக் குடுத்துட்டாங்க. எனக்கு அதுல ஒரு கொறையும் இல்லீங்க. கிளீனரு வராத நாளுக்கு நான் கூட உக்காந்து போயிருக்கறேன். இவருக்குத்தான் பொறவு கொறையாப் போச்சு. லாரியோட எடுத்த போட்டோவையெல்லாம் பரண்ல போட்டுட்டாரு. ஒறம்பரை சனம் வந்தா, எங்கப்பன் காலத்துலயே பெரிய பண்ணையம்னு பேசறாரு. இவருகிட்டப் போயி, சம்பந்தி லாரி ஓட்றாருன்னு எப்பிடீங்க சொல்றது?"

அதனால் சம்பந்தியைச் சக்கரவர்த்தி ஆக்கிவிட்டார். மகளின் போனில் தேடிப் பதினெட்டு நாள் உட்கார்ந்து வரைந்தாராம். சித்தப்பா மகள் விவகாரம் வந்தபோது ஒரு நாள் முழுக்க எழுதாமல் வைத்துவிட்டாராம். அவர்கள் செய்தது அவர்களோடு போகட்டும், என் பிள்ளை வாழப்போகிற வம்சத்தில் அதை எழுத மாட்டேன் என்று பெண்ணை மாற்றினாராம். இதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது. அவர் புருஷனிடம் சொல்லும் முதல் பொய் இது என்று எனக்குத் தோன்றியது, அதையும் முறை தவறாமல் சொல்லியிருக்கிறார்.

நான் பாத்துக்கறேன் என்று ஏட்டம்மா அவர் கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்துவந்தார். வரும் வழியில் என்னிடம் காதோடு திட்டத்தைச் சொன்னார். நல்ல திட்டம். இப்போது சொன்னாலும் நல்ல திட்டம்தான்.

வெள்ளியங்கிரியின் எதிரே உட்கார்ந்து, விசாரித்ததில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று ஆரம்பித்தார். ஹாப்ஸ்பர்க் குடும்பச் சட்டப்படி, அந்த வீட்டுப் பையன் ராஜ வம்சத்திலேயே பெண் எடுக்க வேண்டும். மீறி வெளியே எடுத்தால் அந்தப் பெண்ணுக்குப் புருஷனின் அந்தஸ்து கிடையாது, பிள்ளைகளுக்குப் பட்டம் கிடையாது. பிரபு வீட்டுப் பெண்ணைக் கட்டிய ஒரு பட்டத்து இளவரசரின் மனைவியை, அரண்மனை விருந்துகளில் சின்னப் பெண்களுக்கெல்லாம் பின்னால் கடைசி ஆளாகத்தான் நடக்க விட்டார்கள். இதெல்லாம் நிஜம், நானே படித்துக் காட்டியது. ஆகவே பையன் சக்கரவர்த்தி கூட்டம் என்றால் மதுமதிக்குப் பந்தியில் கடைசி இலை. பையன் சாதாரணக் குடும்பம் என்றால் அவள் அவனுக்குச் சமம்.

"உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க," என்று முடித்தார். "அப்பிடியே எழுதித் தாரேன்."

எம்புள்ளைக்குக் கடைசி இலையா என்று வெள்ளியங்கிரி குதிப்பார், சக்கரவர்த்தியை அவரே வெளியே தள்ளுவார் என்பது கணக்கு. அவர் குதிக்கவில்லை. பட்டு வேட்டியின் மேல் கிடந்த படத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏட்டம்மா, முப்பத்தொரு வருசமா இந்தக் காப்பியத்தான் குடிக்கறேன்," என்றார். "கூரியர் வந்துதுன்னு இவ இதை விரிச்ச அன்னைக்கே தெரியுமுங்க."

ஏட்டம்மா வாய் திறந்தபடி இருந்தார். ஆறு வருடத்தில் அவரை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் எதற்கு எங்களைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்க அவரால் முடியவில்லை, நான்தான் கேட்டேன்.

"இவ எங்கிட்டப் பொய் சொன்னதே கெடையாதுங்க. இவ்வளவு பெருசா ஒண்ணை வரையறான்னா, அடியில அதைவிடப் பெருசா எதையோ மறைக்கறா. பையன் ஜெயிலுக்குப் போனவனோ, அங்க ஏற்கெனவே பொண்டாட்டி இருக்குதோ. ஒரு மாசமாத் தூக்கமில்ல. இவளைக் கேட்டா, தெரிஞ்சுபோச்சேன்னு ஒடஞ்சு போயிருவா. அதான் உங்களைக் கூப்புட்டேன். என்னத்த மறைச்சா, அதைச் சொல்லுங்க."

தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் புரிந்து ஃபெலிக்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடைசியில் சௌந்திரமே சொன்னார்.

"பையனோட அப்பா லாரி ஓட்றாருங்க. பால் வண்டி."

வெள்ளியங்கிரி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று மதுமதி ஃபெலிக்ஸின் கையைப் பிடித்தாள். வந்தது கோபம் இல்லை.

"இதையவா எங்கிட்ட மறைச்சே?"

"நீங்க மறைச்சதைத்தானுங்க நானும் மறைச்சேன்," என்றார் சௌந்திரம்.

வெள்ளியங்கிரியின் தலை தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. கை குலுக்கும் படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட வெள்ளியங்கிரிதான். அதற்கு முன்னால் இருந்த ஆளை அவரே அழித்திருந்தார். முதல் நாளே ஏட்டம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஏசியைப் பார்த்தவன்.

பிறகு வெள்ளியங்கிரி ஃபெலிக்ஸைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டி எத்தனை சக்கரம்?"

"பன்னெண்டு சக்கரமுங்க," என்றான் ஃபெலிக்ஸ். கேள்வி புரிந்த சந்தோஷத்தில் உடனே போனை எடுத்து அப்பாவை வீடியோவில் கூப்பிட்டான். அங்கே காலை எட்டு மணி. தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் திரையில் வந்தார். மகன் ஏதோ சொன்னதும் போனோடு வெளியே நடந்துபோய், பளபளவென்று நிற்கும் டேங்கரைச் சுற்றிவந்து காட்டினார். டயரைத் தட்டினார். கதவைத் திறந்து கேபினைக் காட்டினார். வெள்ளியங்கிரி ஃபெலிக்ஸின் கையிலிருந்து போனை வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இவர் தமிழில் கியரைப் பற்றிக் கேட்க, அவர் ஜெர்மனில் எதையோ பதில் சொல்ல, இரண்டு பேரும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டார்கள். மதுமதி அழுதுகொண்டே சிரித்தாள். எந்தக் கூட்டம் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் வெள்ளியங்கிரி போனை ஃபெலிக்ஸின் கையில் கொடுத்துவிட்டு, திரைக்கு முன்னால் ஆறு விரலை நீட்டிக் காட்டினார்.

"எனக்கு ஆறு சக்கரந்தானுங்க," என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "சௌந்திரம், பரண்ல இருந்து அந்தப் போட்டோவை எறக்கு. இவருக்குக் காட்டோணும்."

ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.